டப்பாவுக்குள் என்ன? பார்வையற்றவர் வீட்டுப் பொருட்களை ஸ்கேன் செய்து அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஒன்பது வயதில் பார்வை போனது. இப்போது திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. வீட்டில் சமையல், மளிகை எல்லாம் என் பொறுப்பு. புதிதாகப் பார்வை இழந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் போன் செய்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சொன்னதையே சொல்லி வாய் வலிப்பதற்குப் பதில் எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்தேன். போன் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் (ஆண்ட்ராய்டு) அல்லது வாய்ஸ்ஓவரில் (ஐபோன்) ஓரளவு கை பழகியவர்களுக்கு இது.

பார்கோடை ஸ்கேன் செய்தால் பொருளின் பெயர் எப்படி வருகிறது?

பார்கோடுக்குள் பெயர் கிடையாது. அந்தக் கோடுகளில் இருப்பது வெறும் எண். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பொருட்களில் 13 இலக்கம். கைபேசி அந்த எண்ணைப் படித்து, இணையத்தில் இருக்கும் ஒரு பட்டியலில் தேடி, அங்கே எழுதியிருக்கும் பெயரை நமக்கு வாசிக்கிறது. பட்டியலில் இல்லையென்றால் "பொருள் தெரியவில்லை" என்று கைவிரித்துவிடும். பெரிய கம்பெனி பிஸ்கட்டும் பற்பசையும் சட்டென்று வரும். நம் தெருக்கோடி மில்லில் பாக்கெட் போட்ட சத்துமாவு அனேகமாக வராது.

890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் ஜிஎஸ்1 இந்தியா என்ற பார்கோடு எண் வழங்கும் அமைப்பின் வழியாகப் பதிவானது என்பது மட்டும்தான் அதன் பொருள். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. முந்தைய பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் ஸ்கேனர் வாயே திறக்காது. அதனால் எண்ணைத் தவறாகப் படித்து வேறு பொருளின் பெயரைச் சொல்வது மிக அபூர்வம். இதை நினைவில் வையுங்கள், ஏஐ பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் என்ற ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்தான் கடையில் முதன்முதலாக இப்படி ஸ்கேன் ஆனது. கல்லாவில் வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. நமக்காக யாரும் செய்யவில்லை. நாம் இரவல் வாங்கிக்கொண்டோம். இதில் நமக்கு ஒத்துவராத பல விஷயங்கள் இருப்பதற்கு அதுவே காரணம்.

எந்த ஆப் நல்லது?

மூன்றைப் பற்றித் தெரிந்தால் போதும், மூன்றுமே இலவசம். மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ 2017-இல் ஐபோனுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்கு வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் சாகிப் ஷேக் பார்வையற்ற பொறியாளர். அந்த ஆப்பில் பார்கோடு நெருங்க நெருங்க 'பீப்' வேகமாவதில் அது தெரியும் என்று நான் சொல்வதுண்டு. கூகுளின் லுக்அவுட் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். 2020-இல் உணவுப் பாக்கெட்டுகளுக்கென்றே தனி முறை சேர்த்தார்கள். மூன்றாவது பி மை ஐஸ். 2015-இல் டென்மார்க்கில் தொடங்கியது. வீடியோ அழைப்பில் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவர் நம் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். 2023 முதல் படத்தைப் பார்த்து விவரிக்கும் ஏஐயும் அதில் இருக்கிறது.

பத்து ஆப்களை இறக்கி வைத்துக்கொண்டு எதிலும் கை பழகாமல் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் செய்ய ஒன்று, மனிதரைக் கேட்க ஒன்று. அவ்வளவுதான் வேண்டும்.

பார்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லையே?

எல்லோரும் கைவிட்டுவிடும் இடம் இதுதான். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். அதற்குப் பிறகு கை தானாகப் போகும்.

முதலில், கைபேசியை அசைக்காதீர்கள், பொருளைத் திருப்புங்கள். ஒரு கையில் போன், மறு கையில் பாக்கெட் என்று இரண்டையும் ஆட்டினால் காலம் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நான் செய்வது இது: சமையலறை அலமாரியில் மார்பு உயரத்தில் இருக்கும் தட்டின் விளிம்பில் போனைப் படுக்க வைப்பேன், கேமரா இருக்கும் முனை மட்டும் இரண்டு விரல் அகலம் வெளியே நீட்டியிருக்கும். விழாமல் இருக்க மேலே சின்ன அம்மிக்குழவி. கேமரா இப்போது கீழ்நோக்கிப் பார்க்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே பொருளைப் பிடித்து, இரண்டு கையாலும் மெல்ல உருட்டுவேன். டார்ச்சும் போட்டுக்கொள்வேன். நமக்கு விளக்கு வேண்டாம், கேமராவுக்கு வேண்டும். ராத்திரி லைட் போடாமல் ஸ்கேன் செய்துவிட்டு "ஆப் வேலை செய்யல" என்று போன் செய்தவர் ஒருவர் இல்லை, பலர். நானும் அதில் ஒருத்தி.

அடுத்து, எங்கே தேடுவது. அட்டைப்பெட்டி என்றால் பெரும்பாலும் அடிப்பக்கம் அல்லது ஒடுக்கமான பக்கவாட்டில். பிளாஸ்டிக் பாக்கெட்டில் பின்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு ஒட்டு ஓடும். கட்டைவிரலால் தடவினால் தட்டுப்படும். அந்த ஒட்டுக்கு இடமோ வலமோ, கீழ்ப்பாதியில் தேடுங்கள். பாட்டிலில் லேபிளின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தை நகத்தால் கண்டுபிடித்து அங்கிருந்து சுற்றத் தொடங்குங்கள். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பத்தில் ஏழு முறை இதில் அகப்பட்டுவிடும்.

பாக்கெட் கசங்கியிருந்தால் கோடுகள் நெளிந்து படிக்காது. உள்ளே இருப்பதை ஒரு பக்கம் தள்ளி, காலியான பக்கத்தை இழுத்துப் பிடியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை முந்தானையால் துடைத்துவிட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பனி மூடியிருக்கும். பளபள கவரில் ட்யூப்லைட் வெளிச்சம் எதிரொளித்தால் பொருளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் இத்தனை வேலையா?

இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான். ஸ்கேன் செய்யும் நேரம், கடைப் பை வீட்டுக்குள் வந்த நேரம். வாணலியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது ஈரக்கையோடு போனைத் தேடக் கூடாது.

மாத மளிகை வந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவேன். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்து, அதற்குரிய டப்பாவில் கொட்டி, அல்லது அடையாளம் போட்டு, இடத்தில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். முக்கால் மணி நேரம் ஆகும். அதன்பிறகு அந்த மாதம் முழுக்கப் போனைத் தொடத் தேவையிருக்காது. ஒரு பொருளை ஒரு முறைதான் ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டாம் முறை செய்ய நேர்ந்தால் என் அடையாளத்தில் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

எங்கள் மளிகைக் கடையில் பொட்டலமாகத்தான் தருகிறார்கள். அதில் பார்கோடு ஏது?

ஏதும் இல்லை, தேவையும் இல்லை. விரலும் மூக்கும் போதும். கடலைப்பருப்பு துவரம்பருப்பைவிடப் பெரிது. பாசிப்பருப்பு சிறிது, நீளவாக்கு. உடைக்காத உளுந்து வழுக்கிக்கொண்டு ஓடும். சீரகமும் சோம்பும் விரலுக்கு ஏமாற்றுக்காரர்கள். இரண்டைக் கசக்கி முகர்ந்தால் சோம்பு இனிப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். மைதா பட்டுப்போல, அமுக்கினால் கட்டியாக நிற்கும். அரிசிமாவு நறநறவென்று உதிரும். மிளகாய்த்தூளை மட்டும் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், டப்பாவைத் திறந்து தூரத்தில் வைத்தாலே தெரியும்.

சிக்கல் ஆப்பசோடா, சர்க்கரைப் பொடி, சோளமாவு போன்ற வாசனையில்லாத வெள்ளைப் பொடிகளில்தான். அவற்றுக்கு அடையாளம் கட்டாயம். ரப்பர் பேண்டுதான் முதல் தொழில்நுட்பம்: ஒன்று போட்டால் உப்பு, இரண்டு போட்டால் சர்க்கரை. பிரெய்ல் தெரிந்தவர்கள் பிரெய்ல் ஒட்டலாம். குரலில் வேண்டுமானால் பிரிட்டனின் பார்வையற்றோர் அமைப்பான ஆர்என்ஐபி விற்கும் பென்ஃபிரண்ட் என்ற பேனா இருக்கிறது: ஸ்டிக்கரில் பேனாவை வைத்துப் பேசினால் பதிவாகும், மறுபடி வைத்தால் நம் குரலிலேயே திருப்பிச் சொல்லும்.

நான் பயன்படுத்துவது என்எஃப்சி ஸ்டிக்கர். நகக்கண் கனத்தில் ஒரு வில்லை. போனை அருகில் கொண்டுபோனால் எழுதி வைத்ததை வாசிக்கும். இரண்டு எச்சரிக்கைகள். பரவலாகக் கிடைக்கும் என்டேக் 213 வகையில் 144 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போய்விடும், 'கடுகு' என்று எழுதவே 15. அதனால் சுருக்கமாக எழுதுங்கள், சமையல் குறிப்பு எழுதப் பார்க்காதீர்கள். இன்னொன்று, எவர்சில்வர் டப்பாவில் ஒட்டினால் வேலை செய்யாது. உலோகம் அந்த அலையை விழுங்கிவிடும். உலோகத்துக்கென்றே தனி ஸ்டிக்கர் விற்கிறார்கள். நானோ பழைய சிம்கார்டு அட்டைத் துண்டில் ஒட்டி, ஓட்டை போட்டு, டப்பா மூடியின் கொண்டையில் நூலால் கட்டிவிட்டேன். சரிதானே?

அஞ்சறைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் எதற்கு? கடுகு எங்கே என்று கைக்குத் தெரியும், யாராவது கழுவிவிட்டுக் கிண்ணங்களை மாற்றி வைக்காத வரை. பொங்கலுக்கு வந்த அத்தை அன்போடு அதைத் துலக்கி வைத்தார். அடுத்த இரண்டு நாள் எங்கள் வீட்டு ரசம் என்ன ருசி என்று கேட்காதீர்கள்.

காலாவதித் தேதியை ஸ்கேனர் சொல்லுமா?

பார்கோடு சொல்லாது. போன மாதம் வாங்கிய பாக்கெட்டிலும் இன்று வாங்கியதிலும் அதே கோடுகள், அதே எண். அது பொருளின் இனத்தை அறியும், இந்தப் பாக்கெட்டை அறியாது.

தேதி தனியாக, புள்ளி புள்ளியாக, கடைசியில் அச்சடிப்பது. மடிப்பில் விழும், பாட்டில் கழுத்தில் விழும், பாதி அழிந்திருக்கும். எழுத்து படிக்கும் முறையில் போனைக் காட்டினால் சில நேரம் வரும். வந்தாலும் தயாரித்த தேதியா முடியும் தேதியா என்ற குழப்பம். 3-ஐ 8 என்று வாசிக்கும் தொல்லை வேறு. மூன்று முறை காட்டி மூன்று முறையும் ஒன்றே வந்தால் எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் பி மை ஐஸில் தமிழைத் தேர்ந்தெடுத்துத் தன்னார்வலரை அழைப்பேன். எல்லாவற்றையும்விட எளிது, கல்லாவில் நிற்கும்போதே "அண்ணே, இதுல தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டு, போனில் குரல் பதிவு செய்துகொள்வது.

மருந்து, மாத்திரைக்கு இதையெல்லாம் நம்பலாமா?

பாதி நம்பலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 முன்னணி மருந்துப் பிராண்டுகளில் க்யூஆர் கோடோ பார்கோடோ இருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். மளிகைப் பார்கோடு சொல்லாததை இது சொல்கிறது. ஆனால் 300 பிராண்டுகளுக்கு மட்டும். கோடு அட்டைப்பெட்டி மேல் இருந்துவிட்டால், பெட்டியைத் தூக்கிப் போட்ட மறுநிமிடம் அதுவும் போச்சு. ஐரோப்பாவில் மருந்துப் பெட்டியில் பெயரைப் பிரெய்லில் போட வேண்டும் என்று 2004-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து வந்த ஒரு பெட்டியைத் தடவிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அட்டையிலிருந்து மாத்திரையை வெட்டித் தரச் சொல்லும்போது தேதி இருக்கும் முனையை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து வெட்டித் தருவார்கள். தேதி கடையிலேயே தங்கிவிடும். முடிந்தவரை முழு அட்டையாக வாங்குங்கள். வீட்டில் பிரித்துச் சாப்பிடும்போது தேதி முனையைக் கடைசிவரை வைத்திருங்கள். எந்த முனை என்பதை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு, எதிர்முனையில் ஒரு மூலையைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று விரலுக்குத் தெரியும்.

காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவுக்கு இரண்டு. மாத்திரையைப் படம் பிடித்து ஏஐயிடம் "இது என்ன?" என்று மட்டும் கேட்டு விழுங்காதீர்கள். சந்தேகம் வந்தால் மருந்துக்கடைக்காரரிடம் திரும்பப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படத்தைப் பார்த்து ஏஐ சொல்கிறதே, அது இன்னும் எளிதாச்சே?

எளிதுதான். ஒரு நாள் சிங்க் பக்கத்தில் இருந்த பாட்டிலைப் படம் எடுத்தேன். "எலுமிச்சைச் சாறு பாட்டில்" என்றது. மூடியைத் திறந்தால் எலுமிச்சை வாசனைதான். ஒட்டும் பிசுபிசுப்பு விரலில் பட்டதால் தப்பித்தேன். அது பாத்திரம் கழுவும் திரவம். லேபிளில் பெரிதாக எலுமிச்சம்பழப் படம், பாட்டிலின் எழுதிய பக்கம் சுவர் பார்த்து இருந்திருக்கிறது.

பார்கோடுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். பார்கோடு தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லும். ஏஐக்கு அப்படிச் சொல்ல மனசு வராது, தெரிந்தமாதிரி ஏதாவது சொல்லும். சட்டை நிறம், அலமாரியில் எந்தப் பக்கம் எது, குக்கரின் விளக்கு எரிகிறதா, இதற்கெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். வாய்க்குள் போவதற்கும் தோலில் படுவதற்கும் இரண்டாவது சாட்சி வேண்டும்: பார்கோடு, மூக்கு, அல்லது மனிதர்.

ஃபினாயில், ஆசிட், கொசு மருந்து மூன்றும் என் வீட்டில் சமையலறைப் பக்கமே வராது. குளியலறையில் தனி வாளி, பாட்டில் கழுத்தில் சணல் கயிறு. குடிதண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்கிற பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றே சண்டை போட்டு நிறுத்துங்கள்.

பால் பாக்கெட்?

நிறம்தான் அதன் மொழி. ஆவினில் நீலம் சமன்படுத்திய பால், பச்சை நிலைப்படுத்தியது, ஆரஞ்சு நிறைகொழுப்பு. விரலுக்கு எல்லாம் ஒரே பாக்கெட். சீயிங் ஏஐயில் நிறம் சொல்லும் முறை உண்டு, பகல் வெளிச்சத்தில் சரியாகச் சொல்லும். நான் தினமும் ஒரே வகைதான் வாங்குகிறேன், பிரச்சினையே இல்லை.

தமிழில் அச்சான லேபிளைப் படிக்குமா?

கூகுள் லென்ஸ் படிக்கும். அலங்கார எழுத்தில் தடுமாறும். படித்ததைத் தமிழ்க் குரலில் கேட்க, போனின் பேச்சு அமைப்பில் தமிழைச் சேர்த்திருக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு "தமிழ் வரல" என்பார்கள்.

தனி ஸ்கேனர் கருவி வாங்கலாமா?

அமெரிக்காவின் என்விஷன் அமெரிக்கா நிறுவனம் ஐ.டி. மேட் என்ற பேசும் பார்கோடு கருவியை விற்கிறது. பொருள் பட்டியல் கருவிக்குள்ளேயே இருக்கும், எந்தக் கோணத்தில் காட்டினாலும் படிக்கும், தொடுதிரை பழகாத பெரியவர்களுக்கு வரம். விலை ஆயிரம் டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்கு நல்ல போன் வாங்கிவிட்டு மிச்சத்தில் மளிகை வாங்கலாம் என்பது என் கட்சி.

எல்லாப் பொருளிலும் க்யூஆர் கோடு போட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா?

2023 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பார்வையற்றோருக்காக உணவுப் பாக்கெட்டுகளில் க்யூஆர் கோடு போடும்படி நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. மகிழ்ச்சி. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-இன் 43-ஆம் பிரிவு, எல்லோருக்கும் பயன்படும் நுகர்பொருட்களை ஊக்குவிக்க மத்திய, மாநில அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதுகிறவர்கள் இன்னும் பெருக வேண்டும்.

ஆனால் க்யூஆர் எங்கே இருக்கிறது என்று விரலுக்குச் சொல்ல அதைச் சுற்றி ஒரு மேடு, ஒரு புள்ளி, எதுவும் இல்லையே. ஸ்பெயினில் உருவான நாவிலென்ஸ் என்ற வண்ணக் கட்டக் கோடு இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது: சில மீட்டர் தூரத்திலிருந்தே, குறி பார்க்காமலே போன் பிடித்துவிடும். பிரிட்டனில் கெல்லாக்ஸ் 2020-இல் ஒரு காலை உணவுப் பெட்டியில் சோதித்துப் பார்த்து, மறுவருடம் ஐரோப்பாவில் விரிவாக்குவதாக அறிவித்தது. நம் ஊர் ஆச்சி மசாலா ரேக்கில் அது வரும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

வீட்டில் பார்வையுள்ளவர்கள் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

என் கணவருக்குப் பார்வை உண்டு, காலை ஆறரைக்கு டூட்டிக்குப் போய்விடுவார். இருக்கும்போதும் "இது என்னங்க, அது என்னங்க" என்று நாள் முழுக்கக் கேட்டால் அவர் முகம் சுளிக்க மாட்டார், எனக்குத்தான் கூச்சம். நான் கேட்பது வேறு: எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள், டப்பாவைக் கழுவினால் ரப்பர் பேண்டைத் திரும்பப் போடுங்கள். அவர் அதைக் கற்றுக்கொள்ள நான்கு வருடம் ஆனது.

எதிலிருந்து பழகுவது?

என்ன பொருள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து. அறியாத பொருளோடு தொடங்கினால் பார்கோடையும் தேடணும், பதிலையும் சந்தேகப்படணும். பற்பசை அட்டைப்பெட்டி நல்ல தொடக்கம்: நீளம், தட்டையான பக்கங்கள், கசங்காது. அடுத்து சோப்பு, அடுத்து பிஸ்கட். ஒரு வாரம் கழித்து ஷாம்பு பாட்டில். சிப்ஸ் பாக்கெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காற்றடைத்த அந்தப் பை என்னையே இன்றும் மூன்று சுற்று சுற்றவைக்கிறது.